மடைக்காவல்

தோழனே!

லோயர் கேம்பின் மலையடிவாரத்திலே நின்று பார்த்தவர்க்கு அந்தக் காட்சி மறக்காது. மேற்கே பாய இருந்த ஆற்றை மடக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிக் கொணர்ந்த தண்ணீர், பருத்த குழாய்களில் இறங்கி, மின்சாரத்தைப் பெற்றுத் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நோக்கி நடைபோடுகிறது. 1895 இல் அந்த அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்கின் பெயரைத் தேனி மாவட்டத்திலே பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள். 2013 இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. தகும், தகும், நூறு முறை தகும்!

ஆனால் ஒன்று கேட்கிறேன். 130 ஆண்டுகளாக அந்த மதகுக்கு எண்ணெய் இட்டவன் யார்? சுரங்க வாயிலில் அடைத்த செத்தையை அள்ளியவன் யார்? நள்ளிரவில் நீர்மட்டம் பார்த்துக் குறித்து வைத்தவன் யார்? பெயர் தெரியாது. ஊர் தெரியாது. உருவமும் தெரியாது. கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு; காத்தவனுக்குக் கல்வெட்டு இல்லை!

அந்தக் காவலைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். ஆனால் தண்ணீரின் மடையைப் பற்றி அல்ல, செய்தியின் மடையைப் பற்றி. மின்னஞ்சல் என்கிறோமே, அது வந்து தங்கி, வகைபிரிந்து, உரியவரிடம் சென்று சேரும் சர்வர்களைப் பற்றி. அவற்றைப் பேணுவதும் புதுப்பிப்பதும் பற்றி.

"சர்வரா? உணவு விடுதியிலே இட்டிலி கொண்டு வருவாரே, அவரா?" என்று நீ சிரிக்கலாம். சிரி, தோழனே! ஆனால் ஒப்புமை அவ்வளவு தவறானதன்று. விடுதிச் சர்வர் நேரத்துக்குக் கொண்டு வந்தால் எவரும் அவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு நிமிடம் தாமதித்தால் கடை முழுதும் அவரைத்தான் ஏசும். மின்னஞ்சல் சர்வரின் தலையெழுத்தும் அதுவே. இயங்கும்போது இருப்பதே தெரியாது. நின்றால் நாடே நின்றதாகத் தோன்றும்.

"இது பொறியாளர் பேச வேண்டிய பேச்சு, அரசியல் ஏட்டிலே எதற்கு?" என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. வாய்க்காலும் பொறியாளர் வேலைதான். ஆயினும் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பணம், எப்போது தூர் வாருவது, கடைமடைக்கு நீர் போகிறதா என்பதெல்லாம் அரசியல் அன்றோ? அதைப் போலத்தான் இதுவும்.

எண்ணிப் பார். 2013 ஜூலையில் தந்தி ஓய்வு பெற்றது. கடிதம் குறைந்தது. இன்று வரி அலுவலகத்தின் அறிவிப்பு மின்னஞ்சலில் வருகிறது. வங்கியின் எச்சரிக்கை மின்னஞ்சலில் வருகிறது. போடிநாயக்கனூரிலே ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடக்கிறது. அந்த வணிகரின் பட்டியலும் பத்திரமும் மின்னஞ்சலில் போகின்றன. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப விரும்புகிறவனுக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும். வேலைக்கு மனுச் செய்த உத்தமபாளையத்து இளைஞன் காத்திருப்பது தபால்காரரின் மணியோசைக்கு அல்ல, கைப்பேசியின் சிணுங்கலுக்கு. அந்தச் சிணுங்கலின் பின்னே ஒரு சர்வர் இருக்கிறது. சர்வரின் பின்னே ஒரு மனிதன் இருக்கிறான்.

அவன் என்ன செய்கிறான்? கேள்.

சர்வர் என்பது மந்திரமன்று, எந்திரம். எந்திரம் தேயும். கடிதங்களைச் சேமிக்கும் வட்டுகள் ஒருநாள் சாகும். சாகும் என்பது உறுதி. சாகும் நாள்தான் தெரியாது. ஆகவே ஒரே கடிதத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் எழுதி வைக்கிறான். எந்திரம் இருக்கும் கட்டடமே தீக்கோ வெள்ளத்துக்கோ இரையானால்? வேறோர் ஊரிலும் ஒரு படி வைக்கிறான். அந்தப் படியிலிருந்து மீண்டும் எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது எடுத்தும் பார்க்கிறான். பார்க்காத படி, பூட்டிய பத்தாயத்திலே புழுத்த நெல்! பஞ்சம் வந்து திறக்கும் நாளில்தான் அது பதர் என்று தெரியும்.

குப்பைக் கடிதம் கோடிக்கணக்கில் வரும். அதை வடிகட்ட வேண்டும். வடிகட்டுகையில் நல்ல கடிதம் நசுங்கிப் போகாமலும் பார்க்க வேண்டும். ஒரே சர்வரிலே நூறு நிறுவனங்கள் குடியிருக்கும். ஒரு குடித்தனக்காரன் மோசடிக் கடிதம் அனுப்பினால், உலகத்தின் மற்ற சர்வர்களெல்லாம் அந்த வீட்டையே தள்ளி வைத்துவிடும். ஒன்றும் அறியாத 99 பேரின் கடிதங்களும் திரும்பி வரும். அந்த அவப்பெயரைத் துடைப்பதும் அவன் வேலை.

இவை அன்றாடப் பேணல். இனிப் புதுப்பித்தல். அங்கேதான் அவன் கலை ஒளிர்கிறது!

நம் மாவட்டத்துக்கு அனுபவம் ஒன்று உண்டு. 1928 இல் வந்தது மதுரை–போடி இரயில். அகலப் பாதையாக்குகிறோம் என்று சொல்லி, 2010 இன் இறுதியோடு நிறுத்தினார்கள். தேனிக்கு மீண்டும் இரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூனில். 90 கிலோமீட்டர் பாதையைப் புதுப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டு! பள்ளியிலே சேர்ந்த பிள்ளை பள்ளியை முடித்து வெளியே வந்த பிறகு, "இதோ உன் இரயில்" என்றார்கள்.

மின்னஞ்சல் சர்வரைக் காப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு ஆண்டு வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் அவனைப் பிடித்து உலுக்குவார்கள். ஆகவே அவன் என்ன செய்கிறான்? பழைய எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதை நிறுவுகிறான். கடிதப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படியெடுக்கிறான். "இந்தப் பெயருக்கு வரும் அஞ்சல் இந்த வாசலுக்கு" என்று உலகுக்குச் சொல்லும் முகவரிப் பலகை ஒன்று இணையத்திலே உண்டு. உலகெங்கும் உள்ள எந்திரங்கள் அந்தப் பலகையின் நகலைச் சிலகாலம் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவின் ஆயுளை முன்கூட்டியே குறைத்து வைக்கிறான். ஊர் உறங்கும் நேரம் பார்த்துப் பலகையைத் திருப்புகிறான். பழைய வாசலுக்கு வழிதவறி வந்த கடைசிக் கடிதங்களையும் பொறுக்கி எடுத்துப் புதிய வாசலிலே சேர்க்கிறான். காலையில் நீ எழுகிறாய், கடிதம் படிக்கிறாய். ஒன்றுமே நடவாதது போல் இருக்கிறது. ஒன்றுமே நடவாதது போல் இருப்பதற்காக, ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்தான்!

நாடக மேடையை அறிந்தவன் நான். அரங்கிலே அரசன் வீற்றிருக்கும்போதே அடுத்த காட்சிக்கான படுதாவை ஓசையின்றி மாற்றுகிற தோழனுக்குக் கைதட்டல் கிடையாது. அவன் கை தவறினால் மட்டும் கொட்டகையே கூச்சலிடும்.

இதிலே முன்னோர் செய்த நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1971 இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்கு வலைவழிக் கடிதம் விடுத்தார். 1982 இல் எஸ்.எம்.டி.பி. என்னும் பொது அஞ்சல் விதியை வகுத்தார்கள். அந்த விதியிலே ஓர் அருங்குணம் உண்டு. பெறும் சர்வர் மூடிக் கிடந்தால், அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கிழித்தெறிவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் கதவைத் தட்டும். நான்கைந்து நாள் வரை தட்டும். பொறுமையுள்ள தபால்காரன்! யார் எழுதிய சர்வரும் யார் எழுதிய சர்வரோடும் பேசலாம் என்பது மற்றொரு குணம். மின்னஞ்சல் எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமல்லாத பொதுவழியாகப் பிறந்தது. இந்தப் பிறப்புரிமையை நினைவில் வைத்துக்கொள், தோழனே, பின்னால் தேவைப்படும்.

பேணாவிட்டால் என்ன ஆகும்? உலகம் பாடம் சொல்கிறது.

2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் மென்பொருளிலே ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. ஒட்டுப் போடும் திருத்தமும் வெளியாயிற்று. ஒட்டுப் போடாத சர்வர்களுக்குள் கள்வர் புகுந்தனர். எண்ணிக்கை பல்லாயிரம்! 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நிறுவனம் நடத்திய எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் குடியிருப்பிலே பிணைப்பணக் கொள்ளையர் புகுந்து பூட்டுப் போட்டனர். முந்தைய மாதமே திருத்தம் வந்திருந்தது. அதைப் பொருத்தினால் வேறு கோளாறு வருமோ என்று தயங்கி, தற்காலிகத் தடுப்போடு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் அஞ்சலின்றித் தவித்தனர். அந்நிறுவனம் அந்தக் குடியிருப்பையே இழுத்து மூடிவிட்டது. அதே 2022 நவம்பரில் நம் தலைநகர் தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையில் சர்வர்கள் முடங்க, நோயாளிகளுக்குக் கையால் சீட்டெழுதிக் கொடுத்தார்கள். வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்திலே சொன்னது.

கரை உடைந்தது வெள்ளத்தால் மட்டுமா? கரையிலே எலி வளை தோண்டிய நாளில் பாராதிருந்ததாலும்தான்!

பேணுதல் ஒரு பக்கம். ஆணை யாருடையது என்பது மறுபக்கம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்குத் தரும் சேவையை நிறுத்தியது. இந்திய மண்ணிலே இயங்கும் ஆலை; இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம்; ஆயினும் அதன் அஞ்சல் பெட்டி மூடப்பட்டது! தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். சில நாளில் சேவை திரும்பியது. அந்த நிறுவனத்துக்காக நான் வழக்காட வரவில்லை. நான் கேட்பது இது: பேரளவு எண்ணெய் வணிகம் செய்பவனுக்கே அந்த நிலை என்றால், நம் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன நிலை? நம் விவசாயச் சங்கத்துக்கு என்ன நிலை? அவர்கள் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்கள்?

"கவலை எதற்கு? நம்மவர் நடத்தும் அஞ்சல் உண்டே!" என்பாய். உண்டு; பெருமையோடு சொல்கிறேன், உண்டு! 1996 இல் தோன்றி, சென்னையிலே வளர்ந்து, தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்த ஜோஹோ, 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்துகிறது. 2023 இல் ஒன்றிய அரசின் அஞ்சலை ஏழாண்டு நடத்தும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. ஏறத்தாழ 12 இலட்சம் அரசு ஊழியரின் அஞ்சல் பெட்டிகள் அதன் தளத்துக்கு மாறின. பட்டமில்லாத பிள்ளைகளைப் பயிற்றி வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அது நடத்துகிறது. கல்லூரியின் கடைசிப் படியை ஏறாதவன் என்ற முறையில், அந்தச் செய்தி எனக்கு இனிக்கிறது.

ஆயினும், தோழனே, இனிப்பிலே மயங்கி எண்ணத்தை இழக்கலாகாது. 2018 செப்டம்பரில் என்ன நடந்தது? ஜோஹோவின் சர்வர்கள் நலமாய் இருந்தன. பேணுவோர் விழித்திருந்தனர். ஆனால் ஜோஹோ என்ற இணையப் பெயரைப் பதிவு செய்து தந்த அமெரிக்க நிறுவனம், மோசடிக் கடிதங்கள் பற்றிய முறையீடுகளைக் காரணம் காட்டி, அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. வீடு இருக்கிறது, விளக்கு எரிகிறது, வாசலிலே பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள்! பல மணி நேரம் பயனாளர் பலர் வழி தெரியாமல் திகைத்தனர். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியிலே உதவி கோர வேண்டியதாயிற்று.

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? எந்திரம் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதாது; பெயரும் நம் கையிலே இருக்க வேண்டும். அயலான் கையிலே மடைச்சாவி இருப்பது ஆபத்து. அதற்காக ஒரே ஒரு நம்மவன் கையிலே எல்லா மடைச்சாவியும் இருப்பதும் ஆபத்தே! நல்லவன் கையிலே இருக்கிறது என்பது இன்றைய ஆறுதல். நாளை அவன் மனம் மாறலாம், கடை மாறலாம், உரிமையாளர் மாறலாம். ஆகவேதான் 1982 இன் பொதுவழியை நினைவூட்டினேன். எந்த வீட்டிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகும் உரிமை குடித்தனக்காரனுக்கு வேண்டும். பொதுவிதியின்படி இயங்கும் அஞ்சலும், சொந்தமான இணையப் பெயரும் இருந்தால் அந்த உரிமை உண்டு. இல்லையேல் வாடகைக்கு வந்தவன் அடிமையாகிறான்.

இன்னும் ஒன்று. நம் நெஞ்சுக்கு நெருக்கமானது: தமிழ்!

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே இணையப் பெயரின் ஈறுகள் இருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியையும் முழுக்கத் தமிழிலே எழுத வழி செய்யும் விதி 2012 இல் வந்துவிட்டது. அப்படியானால் நம் பாட்டிக்கும் பாட்டாளிக்கும் தமிழ் முகவரி ஏன் எளிதில் வாய்ப்பதில்லை? முகவரியைத் தருவது மட்டும் போதாது. வழியிலே உள்ள ஒவ்வொரு சர்வரும் அந்தப் புதிய விதியை ஏற்கும்படி புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுப்பிக்காத ஒரு சர்வர் குறுக்கே நின்றால், "இந்த எழுத்து எனக்குத் தெரியாது" என்று தமிழைத் திருப்பி அனுப்பும்! 2014 இல் ஜிமெயில் இவ்வகை முகவரிகளோடு கடிதம் பரிமாற இடம் தந்தது. 2017 இல் இராஜஸ்தான் அரசு தன் மக்களுக்கு இந்தியிலே முகவரி வழங்க முன்வந்தது. அவர்கள் தம் மொழிக்குச் செய்ததை நாம் பழிக்க வேண்டாம், பார்த்துக் கற்போம். இனி "சர்வரைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும்" என்று ஒரு கோப்பு வந்தால், அது வெறும் இரும்புப்பெட்டிச் செலவு என்று எண்ணாதே. அதிலே தமிழ் நுழையும் வாசலின் அகலமும் அடங்கியிருக்கிறது!

ஆனால் அந்தக் கோப்புக்கு நேரும் கதியை நாம் அறிவோம். அடிக்கல் நாட்டு விழா உண்டு. அடைப்பெடுக்கும் விழா உண்டா? புதிய எந்திரம் வாங்கினால் நாடா வெட்டலாம். பழைய எந்திரத்துக்கு ஒட்டுப் போட்டால் எதை வெட்டுவது? ஆகவே வாங்குவதற்குப் பணம் வரும், பேணுவதற்கு வராது. வாங்கிய மூன்றாம் ஆண்டிலே பெட்டியிலே தூசி. ஐந்தாம் ஆண்டிலே பூட்டு.

முல்லைப் பெரியாறு நமக்குக் கற்பித்தது வேறு. 1979 க்குப் பிறகு அந்த அணையின் தலைக்குக் கான்கிரீட் தொப்பி கவித்தார்கள். உடலிலே எஃகு வடங்களை ஊன்றினார்கள். முதுகுக்குக் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். நீர்மட்டத்தைக் குறைத்தார்கள், ஆனால் அணையை மூடவில்லை. நீர் வந்துகொண்டே இருந்தது, வேலையும் நடந்துகொண்டே இருந்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு இசைவு தந்தபோது, அந்தப் பழைய அணைக்கு வழக்கிலே வலுவாக நின்றது அந்தப் பேணல் பணியே. பேணியதால் உரிமை நின்றது. பேணாதவன் உரிமை பேசினால், "உன் பொருளே உன்னிடம் உருப்படியாக இல்லையே" என்று உலகம் கேட்காதா?

ஆகவே கேட்போம், தோழனே, உரக்கக் கேட்போம். ஊராட்சிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தனக்கெனச் சொந்த இணையப் பெயரில் அஞ்சல் முகவரி வேண்டும். சர்வர் வாங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஆண்டுதோறும் பேணும் செலவு முன்னதாகவே எழுதப்பட வேண்டும். எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தாலும், விலகும் நாளில் கடிதங்களை முழுமையாக எடுத்துச் செல்லும் உரிமை அதிலே இருக்க வேண்டும். தமிழ் முகவரியை ஏற்காத சர்வருக்கு அரசுப் பணம் தரலாகாது. தேனி, போடி, கம்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கலையைத் தொழிற்பயிற்சி நிலையங்களிலே கற்பிக்க வேண்டும். இரவெல்லாம் விழித்துக் காப்பவனை ஒப்பந்தக் கூலியாக ஓட்டாண்டியாக்காமல், ஓய்வும் ஊதியமும் தந்து உழைப்பாளியாக மதிக்க வேண்டும்.

அரசைக் கேட்கும் முன் நம் வீட்டையும் பார்ப்போமே! உன் கிளையின் மின்னஞ்சலைத் திற. மறந்த கடவுச்சொல்லை மீட்கும் எண் யாருடையது? பொறுப்பிலிருந்து விலகிய பழைய செயலாளரின் கைப்பேசிக்குப் போகிறதா? இணையப் பெயரின் கட்டணக் கெடு என்றைக்கு முடிகிறது? பத்தாண்டுக் கடிதங்களுக்கு வேறிடத்தில் படி உண்டா? உன் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இட்டிருக்கிறாயா? இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரியாதவன், நாட்டின் அஞ்சலைக் காக்கப் புறப்படுவது, தன் வயலின் மடையை அடைக்காதவன் வைகை அணைக்குக் காவல் போகும் கதைதான்.

இந்த வாரக் கிளைக் கூட்டத்திலே இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போடு. நான்கு விடைகளையும் எழுது. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படை. அவர் பெயரைக் கூட்டத்திலே எழுந்து நின்று சொல். காப்பவனின் பெயர் ஓரிடத்திலேனும் எழுதப்படட்டும். அது உன் கிளையிலிருந்தே தொடங்கட்டும்!